ஒன்பது விரல்

கையுறையின் மணிக்கட்டுப் பட்டையைக் கர்ரென்று பிரித்தான் தயாளன், ஒட்டினான், மறுபடி பிரித்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபைசால் "நிறுத்துப்பா, பல்லுக்குள்ளே கேட்குது அந்தச் சத்தம்" என்று மலாயில் சொன்ன பிறகுதான் தான் அதைச் செய்துகொண்டிருப்பதே அவனுக்குத் தெரிந்தது, சரி என்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான். பந்து அந்தக் கோடியில், சிங்கப்பூர்க்காரர்களின் கோலுக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது, திடலில் இருந்தவர்கள், அரங்கத்தில் இருந்தவர்கள், தண்ணீர்ப் புட்டி விற்கிறவன்கூட அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தயாளன் மட்டும் இந்தக் கோடியில் தன்னந்தனியாக நின்ற ஷர்வினின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை இடுப்பில் இருந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா நிற்கிற கோல் காவலன் இரண்டு கையையும் இடுப்பில் வைப்பான், இல்லாவிட்டால் இரண்டையும் தட்டிக்கொள்வான், குளிருக்கு அக்குளில் செருகிக்கொள்வான், ஒன்றை மட்டும் தொங்கவிட மாட்டான், அப்படியானால் வலிக்கிறது, வலி கூடியிருக்கிறது, மோதிர விரல் உடைந்திருக்கிறது அல்லது மூட்டு பிசகியிருக்கிறது, எதுவானால் என்ன, வீங்கிப்போய்க் கையுறைக்குள் இறுகிக் கிடக்கிறது, இத்தனை ஆயிரம் பேர் கூடியிருக்கும் இந்த அரங்கத்தில் அது இரண்டே பேருக்குத்தான் தெரியும், விரலுக்குச் சொந்தக்காரனுக்கு, அப்புறம் அதை உடைத்தவனுக்கு.

உடைத்தவன். அந்தச் சொல்லில் வந்துதான் ஒவ்வொரு தடவையும் கால் இடறுகிறது. உடைத்தவன் என்றால் உடைக்க நினைத்தவன் என்றா அர்த்தம், கண்ணாடிக் குவளை கைதவறி விழுந்தாலும் உடைத்தவன் என்றுதானே சொல்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் முதல் காவலனைச் சூடேற்றுவது இரண்டாம் காவலனின் வேலை, மலேசியத் தேசியக் குழுவில் பதினோரு வருடமாகத் தயாளன் பார்த்துவரும் ஒரே வேலையும் அதுதான். தரையோடு சில பந்து, இடுப்புயரத்தில் சில, தலைக்கு மேலே சில, எல்லாமே பிடிக்கக்கூடிய பந்துகளாக இருக்க வேண்டும், பிடிக்க முடியாததை உதைத்துக் காட்டுவது கெட்டிக்காரத்தனம் இல்லை, துரோகம். பொத்துப் பொத்தென்று கைக்குள் விழ விழ அவனுக்கு இன்றைக்கு என்னைத் தாண்டி ஈகூடப் போகாது என்ற எண்ணம் வர வேண்டும், மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற தோழி மாதிரி, நடுவில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளக் கூடாது. அதிலும் கடைசிப் பந்து. அது கண்டிப்பாகக் கைக்குள் விழ வேண்டும், தூக்கத்தில் இருக்கிற குழந்தையைக் கைமாற்றிக் கொடுக்கிற மாதிரி மெல்லத் தூக்கிப் போட வேண்டும், அதை வாங்கிக்கொண்டு காவலன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவான், யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது, எந்தக் காவலனும் அதை மீறினதில்லை. இன்று மதியம் அந்தக் கடைசிப் பந்தை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஷர்வின் சிரித்தான், "என்னண்ணே, இன்னிக்குப் பசியாறலயா? பந்து நடந்து வருதே!" அதே நேரத்தில் ஒலிபெருக்கி ஷர்வின் பெயரைச் சொன்னது, அரங்கம் முழுக்க ஓ என்று எழுந்தது, தயாளன் வழக்கத்தைவிட ஓர் அடி கூடுதலாகப் பின்னால் போனான். ஏன் அந்த ஓர் அடி? கிண்டலுக்கா, சத்தத்துக்கா? புல் ஈரமாக இருந்தது, கால் சரியாகப் பதிய வேண்டுமே என்று போனானா? பந்து காலை விட்டுப் போனபோதே தெரிந்துவிட்டது, அது கொடுக்கிற பந்து இல்லை, அடிக்கிற பந்து. ஷர்வின் சிரித்த வாயோடு கையை நீட்டினான், கை தாமதமாக விரிந்தது, விரல் நுனியில் பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

உள்ளே போகும் வழியில் சுவரோரம் நின்று அவன் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வெள்ளை நாடாவால் சுற்றிக்கொண்டிருந்தான், ஒற்றைக் கையால் சுற்ற வரவில்லை, பல்லால் நாடாவைக் கடித்துக்கொண்டு தயாளனைப் பார்த்தான், தயாளன் வாங்கிச் சுற்றிவிட்டான். விரல் அதற்குள் சிவந்து சூடாக இருந்தது. "யாருக்கும் தெரிய வேணாம்ணே. கோச்சுக்குத் தெரிஞ்சா உட்கார வச்சிடுவாரு. எங்கம்மா ஈப்போவுலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்குண்ணே." தயாளன் தலையாட்டினான். இருபத்தொரு வயதுப் பையன், இந்தக் கோப்பையில் முதல் ஆட்டம், கெஞ்சுகிறான், தலையாட்டாமல் என்ன செய்வது, ஆனால் தலையாட்டினது அவனுக்காகவா, ஏண்டா அப்படி அடித்தாய் என்று யாரும் தன்னைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவா, அதை இப்போது யோசிக்க ஆரம்பித்தால் பட்டையைப் பிரிக்கும் சத்தம் மறுபடி வந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கொட்டின வலி வேறொருவனுக்கு, கத்த முடியாமல் முழிப்பது மட்டும் இவன்.

மழை தூற ஆரம்பித்தது. கோலாலம்பூரில் நாலு மணிக்கு மேல் வரும் மழை சொல்லிவிட்டுத்தான் வரும், அரங்கத்துக்கு வெளியே மரங்களின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்து எழுந்தது, மேல்வரிசையில் குடைகள் விரிந்தன, மஞ்சள் சட்டைகளுக்கு நடுவில் ஒரு மூலையில் மட்டும் சிவப்பு, அந்தச் சிவப்பு மூலையில் எங்கேயோ விமலா இருக்கிறாள். விமலா அவன் மனைவி, பிறந்தது சிங்கப்பூரில், ஈசூனில், அவள் அண்ணன் கதிரேசன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், தயாளனின் மகள் மிருதுளாவுக்குச் சிவப்பு நாடா கட்டிவிட்டிருப்பான், அவள் அப்பாவுக்காக மஞ்சள் சட்டையும் போட்டிருப்பாள். காலையில் கதிரேசன் போனில் கூப்பிட்டான், "மாப்ள, பெஞ்சு எப்படி, சூடா இருக்கா? ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க, பாலத்துல கோப்பைய வாங்க நாங்க காலையிலயே வந்து நிப்போம்." வருடா வருடம் அதே கிண்டல், தயாளனும் வருடா வருடம் அதற்கு அதே சிரிப்பைச் சிரிப்பான். மிருதுளா போனை வாங்கி, "அப்பா, இன்னிக்கு நிப்பீங்களா, உக்காந்திருப்பீங்களா?" என்று கேட்டாள். எட்டு வயது. கிண்டல் இல்லை, அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், எந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டுவது என்று. உக்காந்திருப்பேன்மா என்றான். அப்பாவின் வேலை உட்காருவது. இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சு பறந்தது, இவனுக்குக் காய்கூட வெடிக்கவில்லை, முதல் காவலர்கள் வந்தார்கள், பெரிய ஆளானார்கள், ஓய்வெடுத்தார்கள், அடுத்தவன் வந்தான், அவனையும் இவன்தான் சூடேற்றினான். இந்த முகாமோடு உன்னை விடுவிக்கிறோம் என்று போன வாரம் சொல்லியாகிவிட்டது. இன்று ஆடினால் உண்டு, இல்லையென்றால் தேசியச் சட்டையில் ஒரு நிமிடம்கூடத் திடலில் நிற்காமலே முடிந்தது.

அதுதான் முள். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை பயிற்றுநர் ஹாலிமின் காதில் போட்டால் போதும், பையனின் விரல் உடைந்திருக்கிறது என்றால் அடுத்த நிமிடம் ஷர்வின் வெளியே, தயாளன் உள்ளே. பதினோரு வருடமாக வராதது ஒரு வார்த்தைத் தூரத்தில் வந்து நிற்கிறது. சொல்லவும் வேண்டும், நாட்டுக்காகச் சொல்ல வேண்டும், ஒற்றைக் கையோடு நிற்கிறவனை நம்பி எப்படி விடுவது, நல்ல மனுஷன் என்றால் இதை எப்போதோ சொல்லியிருப்பான். ஆனால் எப்படி உடைந்தது என்று கேட்பார்களே. நான் அடித்த பந்தில்தான். ஓகோ, நீ அடித்த பந்தில், நீயே வந்து சொல்கிறாய், நீயே உள்ளே போக வேண்டும். கேட்கிறவன் சிரிப்பான், சிரிக்காதவன் காறித் துப்புவான். சரி, சொல்லவில்லை என்றால்? சொல்லாமல் பையன் இன்னொரு கோலை விட்டால், ஆட்டம் முடிந்து கையுறையைக் கழற்றும்போது விரல் தெரியும், அப்போதும் கேட்பார்கள், யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்பார்கள், தயாளண்ணனுக்குத் தெரியும் என்று அந்தப் பிள்ளை சொல்லாது, ஆனால் முகம் சொல்லும். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். இதில் எந்தக் குற்றத்துக்கு வயிறு குறைவாக எரியும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எரிச்சல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

ஏற்கெனவே விட்ட அந்த ஒரு கோலைத் தடுத்திருக்கலாம். முதல் பாதியில் மலேசியா போட்ட ஒன்றோடு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது, இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் சிங்கப்பூரின் ஒன்பதாம் எண், நெட்டையாக, காதில் கடுக்கன் போட்டவன், தூரத்திலிருந்து ஒன்று உதைத்தான், பெரிய அடி ஒன்றும் இல்லை, ஷர்வினின் வலப்பக்கம் தாழ்வாக வந்தது, அவன் வலது கையால் போகவேண்டிய பந்துக்கு உடம்பைத் திருகி இடது கையைக் கொண்டுபோனான், பந்து அதற்குள் போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. அரங்கம் ஊமையாகிவிட்டது, சிவப்பு மூலை மட்டும் கொதிக்கிற அண்டா மாதிரி பொங்கியது, தயாளன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடியதும் பாலம் வந்தது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து மலேசியக் கரையில், ஜொகூர் பக்கமிருந்து பார்த்த, சிங்கப்பூருக்குப் போகும் பாலம். இந்தக் கோப்பைக்கு அப்படி ஒரு சடங்கு உண்டு, வென்றவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டான், தோற்றவன்தான் மறுநாள் காலையில் அதைச் சுமந்துகொண்டு பாலத்தில் நடந்து போய் எதிர்க்கரையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். முன்னால் குழுத் தலைவர், பின்னால் கோல் விட்ட காவலன். அன்று தோற்றது மலேசியா. தலைவர் கோப்பையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார், பின்னால் போன காவலன் எங்கேயும் பார்க்கவில்லை, சாலையோரம் நின்ற சனம் கூச்சல் போடவில்லை, திட்டவில்லை, அவன் நெருங்க நெருங்க வரிசையாக முதுகைத் திருப்பிக்கொண்டது. அப்பாவும் திரும்பினார். அப்பா திரும்பியதால் தோளில் இருந்த தயாளனும் திரும்பிவிட்டான், அவன் கழுத்தை மட்டும் வளைத்துப் பார்த்தான், அந்த ஆளின் கழுத்து வியர்த்திருந்தது. தோற்றால் நாளைக் காலை ஷர்வின் நடப்பான், நாடா சுற்றிய விரலோடு. இல்லை, தயாளன் சொல்லி, உள்ளே போய், இவன் விட்டால் இவன் நடப்பான். ஈப்போவிலிருந்து வந்த அம்மா முதுகைத் திருப்புவாளா? விமலா எந்தக் கரையில் நிற்பாள்?

சமமாக முடிந்தால் போதும். சமமானால் கோப்பை போன தடவை வென்றவர்களிடமே இருக்கும், போன தடவை வென்றது மலேசியா, எனவே இன்னும் கொஞ்ச நேரம் தள்ளினால் போதும், நடக்க வேண்டாம், விரலை யாருக்கும் காட்ட வேண்டாம், எல்லாம் நீர்மேல் எழுதினதாகப் போய்விடும். இப்படி நினைத்ததும் மனம் கொஞ்சம் லேசானது, உடனே இன்னொரு நினைப்பு அடியிலிருந்து வந்தது, ஷர்வின் தானாகவே கீழே விழுந்துவிட்டால்? அவனே கையைத் தூக்கி, முடியவில்லை என்று சொல்லிவிட்டால்? யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், இவன் சும்மா எழுந்து பட்டையை ஒட்டிக்கொண்டு உள்ளே போகலாம், மிருதுளா எழுந்து நின்று கையாட்டுவாள். விழு என்று நினைத்தான். நினைத்தே விட்டான். வாயில் கசந்தது, துப்பலாமென்றால் காமிரா இருக்கிறது, விழுங்கினான். அடப் பாவி, மதியம் அந்த ஓர் அடி பின்னால் வைத்ததும் இந்தக் கால்தானே, இப்போது விழு என்று நினைக்கிறது எது, அதே கால்தானா. இல்லை இல்லை, புல் ஈரம். புல் ஈரமாகத்தான் இருந்தது. மழை வராத மதியத்தில் புல் எப்படி ஈரமாக இருக்கும்? தண்ணீர் தெளித்திருந்தார்கள். தெளித்திருந்தார்களா? ஞாபகம் இல்லை. தெளித்திருப்பார்கள். இந்த இடத்தில்தான் நூல் அறுகிறது, எத்தனை தடவை கோர்த்தாலும் இதே இடத்தில்.

சிங்கப்பூரின் ஒன்பதாம் எண் கண்டுபிடித்துவிட்டான். தயாளனுக்கு அது முதுகுத்தண்டில் தெரிந்தது. ஓர் உயரப் பந்தை ஷர்வின் இடது முஷ்டியால் மட்டும் குத்தித் தள்ளினான், தள்ளிவிட்டுத் திரும்பும்போது வலது கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டான், ஒரு கண்ணிமை நேரம்தான், அந்தக் கடுக்கன்காரன் அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தன் ஆளிடம் போய் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு எல்லாமே வலப்பக்கம் வந்தது. ஒன்று கம்பத்தில் பட்டுப் போனது. ஒன்றை ஷர்வின் நெஞ்சால் வாங்கினான். மழை கனத்தது, பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது, ஷர்வின் ஒரு தடவை பெஞ்சுப் பக்கம் பார்த்தான், நேராகத் தயாளனைத்தான் பார்த்தான், அந்தப் பார்வைக்கு என்ன பொருள், சொல்லிவிடுங்கள் என்றா, சொல்லிவிடாதீர்கள் என்றா, மழைத் தண்ணீர் கண்ணில் விழுந்து சிமிட்டினது கூட அப்படித்தான் இருக்கும். தயாளன் தலையாட்டினான். எதற்குத் தலையாட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஃபைசால், சட்டையைக் கழற்று" என்றார் பயிற்றுநர் திரும்பிப் பார்க்காமல். ஃபைசால் துள்ளி எழுந்து மேற்சட்டையைக் கழற்றினான், கால்பட்டைகளை இழுத்துவிட்டான். நான்கு பேரை மாற்றியாகிவிட்டது, இன்னும் ஒருவருக்குத்தான் இடம், ஃபைசால் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டால் அதோடு சரி, அதன் பிறகு ஷர்வினின் கையே கழன்று விழுந்தாலும் தயாளன் உள்ளே போக முடியாது, சொல்வதற்கும் சொல்லாததற்கும் வித்தியாசமே இருக்காது. அப்பாடா என்று இருந்தது ஒரு நொடி. இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் விதி தானே முடித்துவைத்துவிடும், பழி விதிமேல் போகும். அந்த அப்பாடாதான் அவனை எழுப்பியது. சீ என்று வந்தது. இத்தனை நேரம் நாட்டுக்காகவா பையனுக்காகவா என்று தராசு பிடித்துக்கொண்டிருந்தவன், கடைசியில் தன் தோலுக்காக உட்கார்ந்திருக்கிறான். அவன் எழுந்தான், முழங்கால் விறைத்திருந்தது, மழையில் இறங்கிக் கோட்டோரம் நின்றிருந்த ஹாலிமின் தோள்பக்கம் போய் நின்றான். உள்ளே போகிறேன் என்று கேட்க வரவில்லை, கேட்கவும் மாட்டான், சொல்லிவிட்டு என்னை இறக்காதீர்கள், மூன்றாம் காவலனை இறக்குங்கள் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நல்ல யோசனை கடைசி அடியில் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"கோச், ஷர்வினோட வலது கை விரல்..."

"தெரியும்" என்றார் ஹாலிம். கண் திடலில்தான் இருந்தது. "இடைவேளையில் கையுறை மாற்றும்போது டாக்டர் பார்த்துவிட்டார். உடைந்துதான் இருக்கிறது. கழிவறைக் கதவில் மாட்டிக்கொண்டதாம், முட்டாள் பையன்." மலாயில், தணிந்த குரலில், வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். இடைவேளையில் எல்லாரும் உள்ளே இருந்தபோது மாற்று ஆட்டக்காரர்கள் திடலில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள், தயாளன் வெறும் கோலில் நின்று மூன்றாம் காவலன் உதைத்த பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தான், ஒன்றையும் விடவில்லை. ஹாலிம் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார், அவர் முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை, கொஞ்சம் களைப்பு இருந்தது. "உன்னை இறக்கலாமா என்று யோசித்தேன், தயா. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே யோசித்தேன். அவனிடம் இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது, போதும் என்று பட்டது." பிறகு ஃபைசாலின் முதுகில் தட்டினார், "போ."

தயாளன் திரும்பி வந்து உட்கார்ந்தான். அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது, கதிரேசன் கேட்டிருந்தால் இன்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒன்பது விரல் போதும். மத்தியானத்திலிருந்து நாட்டின் கோப்பையையே வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறோம், திறந்தால் ஒன்று மூடினால் ஒன்று என்று மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தானே, அது வெறும் வாய். அவன் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் அந்தப் பந்தை அடிக்காவிட்டாலும் உள்ளே போயிருக்க மாட்டான், அடித்தும் போகவில்லை. வலித்தது. நெஞ்சில் எங்கே என்று காட்டத் தெரியாத இடத்தில் நன்றாக வலித்தது, முப்பத்துநாலு வயது ஆம்பிளைக்கு அழுகை முட்டியது, மழைதானே என்று கொஞ்சம் விட்டுவிட்டான். அப்புறம்தான் கதவு வந்தது. கழிவறைக் கதவு. உடைந்த விரலை டாக்டர் பிடித்துத் திருப்பியிருப்பார், உயிர் போயிருக்கும், அந்த வலியிலும் அந்தப் பையன் ஒரு கதவைக் கண்டுபிடித்திருக்கிறான். எந்தக் கதவு என்று கேட்டிருப்பார்களே, அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பான். ஏன் சொன்னான்? தயாளனுக்கு அதை நினைக்க நினைக்க உட்கார முடியவில்லை, எழுந்து நின்றான், பின்னால் இருந்தவர்கள் மறைக்குது உட்காரு என்றார்கள், அவன் உட்காரவில்லை.

கார்னர். கடைசி நிமிடம், நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், சிங்கப்பூரின் கோல் காவலனே இந்தப் பக்கம் ஓடி வந்துவிட்டான், மஞ்சளும் சிவப்பும் கோலுக்கு முன்னால் சந்தைக் கூட்டமாக நெரிந்தது, பந்து மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "இடது! இடது கைடா!" என்று தயாளன் கத்தினான், இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும், ஷர்வின் எழும்பினான், இடது கையால் குத்தினான், சரியாகப் படவில்லை, பந்து கடுக்கன்காரனின் காலடியில் விழுந்தது, அவன் வலப்பக்கம்தான் அடிப்பான், அடித்தான், ஷர்வின் இந்தத் தடவை உடம்பைத் திருகவில்லை. வலது கையையே நீட்டினான். பந்து அந்தக் கையில் பட்டது, பட்டபோது ஷர்வின் அலறியது இரைச்சலைத் தாண்டி பெஞ்சு வரை கேட்டது, பந்து துள்ளி எழும்பிக் கோட்டின்மேல் விழுந்தது, அவன் அதன்மேல் குப்புற விழுந்து முழங்கைகளால் கட்டிக்கொண்டான். ஊதல் ஊதிற்று. ஒன்றுக்கு ஒன்று. கோப்பை எங்கேயும் போகவில்லை, நாளைக் காலை பாலத்தில் யாரும் நடக்கப்போவதில்லை.

பெஞ்சு மொத்தமும் தண்ணீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு ஓடியது. தயாளனும் ஓடினான், ஓடும்போதுதான் பார்த்தான், எல்லாரும் ஷர்வினைத் தூக்கி நிறுத்தி அவன் கையைப் பிடித்துக் குலுக்கப் போகிறார்கள், ஒருவன் ஏற்கெனவே பிடித்துவிட்டான், இன்னும் இருபது பேர் வருகிறார்கள், வெற்றியில் எவன் விரலைப் பார்ப்பான். அவன் இப்படி ஓடிப் பல வருடம் ஆகியிருந்தது. தோளால் இடித்து, ஃபைசாலைத் தள்ளி, குழுத் தலைவரின் காலை மிதித்து உள்ளே புகுந்து ஷர்வினின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான், "கையத் தொடாதீங்கடா!" என்று தமிழில் கத்தினான், பிறகு மலாயில், பிறகு ஆங்கிலத்தில், எவனுக்கும் புரியவில்லை, வெற்றிக்காகத்தான் தூக்குகிறான் என்று நினைத்து இன்னும் நான்கு பேர் தங்கள் கையையும் தூக்கினார்கள். கூட்டம் அவர்கள் இருவரையும் சேர்த்து நெரித்தது. ஷர்வினின் முகம் வெளுத்து, பல் கிட்டி, மூக்கு நுனியிலிருந்து மழை சொட்டிக்கொண்டு, இவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"ஏண்டா கதவுன்னு சொன்ன?"

"பின்ன என்னண்ணே சொல்லச் சொல்றீங்க?"

"டேய், நான் அத வேணும்னே அடிச்சேனான்னு எனக்கே தெரியலடா."

ஷர்வின் அவனைப் பார்த்தான். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"எனக்கும் தெரியலண்ணே" என்றான். "இப்ப கைய மட்டும் கீழ விட்டுறாதீங்க."

தயாளன் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.